வெடிக்காத இரவுகளின் பதிவேடு
(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் திருவில்லிபுத்தூரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் விண்மீன் என்ற சொல் எழுந்தால் அது கண்ணுக்கோ, முல்லைக்கோ, காதலியின் மூக்குத்திக்கோ உவமையாகப் போகும் என்றே அவை எதிர்பார்க்கும். இவ்வுரை அவ்வழியில் செல்லவில்லை. இருந்தாற்போலிருந்து ஒளி பெருக்கிப் பின் ஒடுங்கும் ஒரு வகை விண்மீன்களைப் பற்றியும், அவை எப்போது ஒளிரும் என்பதைக் கணிக்க மாந்தர் பட்ட பாட்டைப் பற்றியும், அப்பாட்டினால் விளைந்த ஓர் அறத்தைப் பற்றியும் இவ்வுரை பேசுகிறது. அந்த அறம் கவிதைக்கும் கழகத்துக்கும் உரியது என்பது இறுதியில் விளங்கும்.

கணிக்கத்தக்க வானம்

இவ்வூர் வானியலுக்குப் புதிதன்று. கோதை நாச்சியார் தம் திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில் வெள்ளிக்கோள் எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் ஒருசேரக் குறித்தார். அக்குறிப்பைக் கைப்பற்றி, மார்கழி விடியலில் இவ்விரண்டும் ஒத்து நிகழ்ந்த ஆண்டு எது எனத் தேடிய மு. இராகவையங்கார், அது கி.பி. 731 என முடிவு கட்டினார். வேறு ஆண்டுகளைச் சொல்லும் அறிஞரும் உளர்.

இத்தகைய ஆராய்ச்சி ஏன் இயலுகிறது? வெள்ளி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே நாளில் அதே இடத்துக்குத் திரும்புகிறது. வியாழன் வான்வட்டத்தைச் சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. இவை வாக்குத் தவறாத கோள்கள். ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றாலும் அவற்றின் வழியைக் கணக்கிடலாம். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. ஒழுங்காகத் திரும்பும் நிகழ்வு பல ஆண்டுகளில் திரும்பும். எனவே பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வானத்துக்கு வெளியே உள்ள சான்றுகளும் வேண்டியிருக்கின்றன. அறிஞர் வேறுபடுவதற்குக் காரணம் இதுவே. வானத்தின் மீது பிழை இல்லை.

கணிக்க இயலாத வானம்

புறநானூற்றின் 229-ஆம் பாட்டு இதற்கு நேர்மாறான வானத்தைக் காட்டுகிறது. பங்குனித் திங்களில் நள்ளிரவில் ஒரு மீன் எரிந்து விழுந்தது. அதைக் கண்ட கூடலூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமோ என அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் மாண்டான். புலவரின் துயர் உண்மையானது. பாட்டின் ஆற்றல் அத்துயரில் இருக்கிறது.

ஆயினும் ஆய்வாளர் ஒரு வினாவை எழுப்ப வேண்டும். மீன் விழுந்தும் மன்னன் மாளாத இரவுகள் எத்தனை? மீன் விழாமலே மாண்ட மன்னர் எத்தனை பேர்? இவ்விரண்டு எண்களும் கையில் இல்லாதவரை, விழுந்த மீனுக்கும் வீழ்ந்த வேந்தனுக்கும் தொடர்பு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல இடமில்லை. நினைவு, நடந்ததைப் போற்றி வைக்கும், நடவாததைக் கைவிடும். புள்ளியியல் என்னும் துறை தோன்றியதே இக்குறையை நீக்குவதற்காக எனலாம்.

குறுநோவா

1855-ஆம் ஆண்டு திசம்பர் 15-ஆம் நாள், இலண்டனில் சிறுகோள்களைத் தேடிக்கொண்டிருந்த சான் ரசல் ஹிண்ட் என்பார், மிதுன மண்டலத்தில் அதற்கு முன் கண்டிராத ஒரு மீனைக் கண்டார். சின்னாள்களில் அது மங்கி மறைந்தது. ஒருமுறை தோன்றி ஒழியும் நோவா என்னும் புதுமீன் போலும் என்று அவர் கொள்ளக் காரணம் இருந்தது. ஆனால் 1856 மார்ச்சில் ஆக்சுபோர்டிலிருந்த நார்மன் இராபர்ட் போக்சன் அம்மீன் மீண்டும் ஒளிர்வதைக் கண்டார். யூ ஜெமினோரம் எனப் பெயர் பெற்ற அம்மீனே குறுநோவா இனத்தின் முதல் மீன். விண்மீன்களின் ஒளித்தரத்தில் ஐந்து படி வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்னும் அளவுகோலைப் போக்சன் முன்மொழிந்ததும் அதே 1856-இல்தான். அவ்வளவுகோல் இன்றும் வழங்குகிறது. அதே போக்சன் 1861-இல் சென்னை வான்காணகத்துக்குத் தலைவராக வந்தார். அவரைப் பின்னர்க் காண்போம் என்று மட்டும் இங்கு நிறுத்தலாம்.

குறுநோவா ஒரு மீனன்று, இரண்டு மீன்கள். ஒன்று எரிபொருள் தீர்ந்து பூமியளவுக்குச் சுருங்கிய வெண்குறுமீன். மற்றொன்று கதிரவனினும் குளிர்ந்த செம்மீன். இவை மிக நெருங்கிச் சுற்றுவன. யூ ஜெமினோரத்தில் ஒரு சுற்று நான்கேகால் மணி நேரத்துள் முடிந்துவிடுகிறது. வெண்குறுமீனின் ஈர்ப்பினால் செம்மீனின் மேற்பகுதி வழிந்து வருகிறது. வழிந்த வளிமம் நேரே விழாமல், வெண்குறுமீனைச் சுற்றி ஒரு வட்டாகத் திரள்கிறது. வெடிப்பின் பிறப்பிடம் இத்திரள்வட்டே.

இப்பகுதி மக்களுக்கு இதை விளக்கக் கண்மாய் போதும். மலையிலிருந்து ஓடை நீர் சீராக வந்து கண்மாயில் தேங்குகிறது. கலிங்கு வழியே மறுகால் பாய்வதை இங்கு உவமையாகக் கொள்ளலாகாது. கலிங்கில் வந்த நீரே வழிந்து போகும், கண்மாய் நிறைந்தே நிற்கும். மாறாக, நீர் ஓர் உயரத்தைத் தொட்டவுடன் மடையைத் திறந்து, அடிமட்டம் வந்த பின்பே மடையை அடைக்கும் ஒரு நீர்பாய்ச்சியை எண்ணிக்கொள்ள வேண்டும். திரள்வட்டில் அந்த நீர்பாய்ச்சியின் வேலையை ஐதரசன் செய்கிறது. வட்டின் வெப்பம் பத்தாயிரம் பாகையை நெருங்கும்போது ஐதரசன் அணுக்கள் மின்துகள்களாகப் பிரிகின்றன; வட்டின் பிசுக்குத் தன்மை பெருகுகிறது; தேங்கியிருந்த வளிமம் விரைந்து உள்ளே பாய்கிறது; பாயும் வட்டு ஒளிர்கிறது. வளிமம் வற்றி வட்டு குளிர்ந்ததும் மீண்டும் தேக்கம் தொடங்குகிறது. 1974-இல் சப்பானிய அறிஞர் யோசி ஒசாகி முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த கொள்கை இது.

கடிகாரமும் தாயமும்

நீர் வரத்து சீரானது என்றால் வெடிப்பும் கடிகாரம்போல் வர வேண்டுமன்றோ? வருவதில்லை. அன்ன மண்டலத்தில் உள்ள எஸ்.எஸ். சிக்னி என்னும் குறுநோவாவை 1896-இல் ஆர்வர்டு வான்காணகத்தின் ஒளிப்படத் தகடுகளில் கண்டறிந்தவர் லூயிசா வெல்சு என்னும் பெண்மணி. அன்று தொட்டு அதன் வெடிப்பு ஒன்றையும் நோக்கர்கள் தவறவிட்டதில்லை என்பர். எண்ணூறுக்கு மேற்பட்ட வெடிப்புகள் பதிவாகியுள்ளன. சராசரி இடைவெளி ஏறத்தாழ ஐம்பது நாள். ஆனால் தனித்தனி இடைவெளிகள் பதினைந்து நாளாகச் சுருங்கியதும் உண்டு. நூறு நாளைக் கடந்ததும் உண்டு. யூ ஜெமினோரத்தின் சராசரி நூறு நாள். அங்கும் இரண்டு மாதம் முதல் எட்டு மாதம் வரை ஊசலாட்டம் காணப்படுகிறது.

அப்படியானால் இது தாயக்கட்டையோ? இராசபாளையத்து நூற்பாலையில் பணி செய்வோர் அறிந்த ஒன்று உண்டு. ஒரு ஷிப்டில் இத்தனை முறை நூல் அறும் என்று சராசரி சொல்லலாம்; எந்தக் கதிரில் எந்த நொடியில் அறும் என்று சொல்ல முடியாது. சற்றுமுன் அறுந்தது என்பதால் அடுத்தது தள்ளிப்போவதில்லை, பொறிக்கு நினைவில்லை. குறுநோவா அத்தகையதும் அன்று. அதற்கு ஒருவகை நினைவுண்டு. எஸ்.எஸ். சிக்னியின் வெடிப்புகளை நீள அளவால் அடுக்கினால் அவை இரு குவியல்களாகப் பிரிகின்றன: குறுகியவை, நீண்டவை. இடைப்பட்டவை அரிது. குறுகியதும் நீண்டதும் மாறி மாறி வருதல் மிகுதி. எனினும் அது விதியன்று. தென்வானின் வி.டபிள்யூ. ஐதிரி சராசரியாக இருபத்தேழு, இருபத்தெட்டு நாளுக்கு ஒரு சிறு வெடிப்பும், ஆறு மாதத்துக்கு ஒரு பெருவெடிப்பும் காட்டுகிறது. இவ்வூரிலிருந்து பார்த்தால் அது தென்தொடுவானுக்கு ஒன்பது பாகை உயரத்துக்கு மேல் எழுவதில்லை.

1934-இல் உருசிய அறிஞர் குகார்கினும் பரெனாகோவும் ஓர் உறவைக் கண்டனர். காத்திருப்பு நீளும்தோறும் வெடிப்பின் பொலிவும் பெருகும் என்பது அது. ஒரே மீனுக்குள் இவ்வுறவு தெளிவாக இல்லை. மீன் இனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது. ஒருவனைப் பற்றிச் சொல்ல முடியாததை ஊரைப் பற்றிச் சொல்லலாம் என்பது புள்ளியியலின் வலிமை. அதுவே அதன் எல்லையும் ஆகும்.

அவ்வெல்லையை மறந்தவர்க்கு ஒரு மீன் பாடம் புகட்டியது. டபிள்யூ.இசட். சஜிட்டே 1913, 1946, 1978 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது. இடைவெளி முப்பத்து மூன்று, முப்பத்திரண்டு ஆண்டுகள். அடுத்தது 2011-ஐ ஒட்டி வரும் என்று எண்ண இடமிருந்தது. அது 2001 சூலையில், இருபத்து மூன்றே ஆண்டில் வெடித்தது. இரண்டு இடைவெளிகளைக் கொண்டு ஒரு விதி செய்யலாகாது. ஏழு நாளில் மன்னன் மாண்ட ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு செய்வது அதனினும் ஆகாது.

சென்னையில் ஒரு மே மாதம்

இனிப் போக்சனிடம் வரலாம். 1863 மே 20 அன்று சென்னை வான்காணகத்தில் இருந்தபடி விருச்சிக மண்டலத்தில் ஒரு புதிய ஒளியைக் கண்டார். சில நாள்களில் அது மங்கிக் கண்ணுக்கு எட்டாமல் போயிற்று. அம்மீன் யூ ஸ்கார்ப்பி. இது குறுநோவா அன்று. அதற்கு நெருங்கிய உறவான மீள்நோவா. இங்கும் இரட்டை மீன்கள் உள்ளன. ஆனால் ஒளிர்வது வட்டின் பாய்ச்சலால் அன்று, வெண்குறுமீனின் மேல் படிந்த ஐதரசன் அணுக்கரு நெருப்பாக வெடிப்பதால்.

சென்னையின் அப்பதிவு எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் தனித்துக் கிடந்தது. 1940-இல் எலன் தாமசு என்னும் பெண் ஆய்வாளர் ஆர்வர்டின் பழைய தகடுகளைத் தேடி, 1906-இலும் 1936-இலும் அதே மீன் வெடித்திருந்ததைக் கண்டார். எடுத்தபோது எவரும் கவனியாத வெடிப்புகள் அவை. பின்னர் 1917, 1945 ஆகியனவும் அவ்வாறே அகப்பட்டன. 1979, 1987, 1999 ஆகியவற்றோடு 1969-ஆம் ஆண்டு வெடிப்பும் சேர்ந்து வரிசை நீண்டது.

இடைவெளிகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு புதிர் தோன்றுகிறது: 43, 11, 19, 9, 24, 10, 8, 12. பல எண்கள் பத்தை ஒட்டி நிற்க, 19-உம் 24-உம் ஏறத்தாழ இரட்டிப்பாக உள்ளன. 43 நான்கு மடங்கு. அமெரிக்க வானியலார் பிராட்லி சேஃபர் இப்புதிரை இவ்வாறு அவிழ்த்தார். மீன் உறங்கவில்லை, நோக்கர் உறங்கினர். கதிரவன் விருச்சிகத்தில் நிற்கும் கார்த்திகையை ஒட்டி அம்மீன் பகலொளியில் மூழ்கிவிடும். அதுவோ சில நாள்களில் மங்கும் இயல்பினது. அக்காலத்தில் வெடித்தால் கண்டோர் இரார். ஆகவே நீண்ட இடைவெளிகளில் காணப்படாத வெடிப்புகள் இருந்திருக்க வேண்டும். உண்மையான சராசரி பத்தாண்டு அளவினது. இக்கணக்கைக் கொண்டு, அடுத்த வெடிப்பு 2009-இன் முற்பகுதியில், ஓராண்டு முன்பின்னாக வரும் என்று 2005-இல் அவர் அறிவித்தார். 2010 சனவரி 28 அன்று புளோரிடாவில் இரண்டு அமெச்சூர் நோக்கர்கள் தனித்தனியே அதைக் கண்டனர். 2022 சூனில் மீண்டும் வெடித்தது. சென்னையில் தொடங்கிய வரிசையில் அது பதினோராவது.

வெற்றியை மட்டும் சொல்வது அறமாகாது. டி கொரோனே பொரியாலிஸ் என்னும் மற்றொரு மீள்நோவா 1866-இலும் 1946-இலும் வெடித்தது. 2024-இல் அது வெடிக்கும் என்று உலகெங்கும் எதிர்பார்ப்பு எழுந்தது. அவ்வாண்டு முடியும்வரை அது வெடிக்கவில்லை.

காணவில்லை என்னும் பதிவு

மாறும் விண்மீன்களை நோக்குவோருக்கென 1911-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் அமைந்தது. அதன் நடைமுறையில் ஒரு சிறு வழக்கம் உண்டு. மீன் தெரிந்தால் அதன் ஒளித்தரத்தை எழுத வேண்டும். தெரியாவிட்டால், அன்று கண்ணுக்கு எட்டிய மிக மங்கலான மீனின் தரத்தை எழுதி, 'இதனினும் மங்கல்' என்று குறிக்க வேண்டும். காணாததும் ஒரு காட்சியாகப் பதிவு பெறுகிறது. இவ்வழக்கம் இல்லாவிடில் இடைவெளி எது, புறக்கணிப்பு எது என்று பிரித்தறிய இயலாது.

இச்சங்கத்துக்கு எழுதியவருள் ஒருவர் இராதா கோவிந்த சந்திரர். வங்கத்து யசோகரில் அரசுக் கருவூலத்தில் எளிய பணி செய்தவர். பள்ளி இறுதித் தேர்வைத் தாண்டாதவர். பகலில் நாணயத்தை எண்ணிய கை, இரவில் ஒளித்தரத்தை எண்ணி முப்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட நோக்குகளை அனுப்பியது. அவர் உழைப்பைக் கண்ட சங்கம் 1926-இல் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பியது. அக்கருவி பின்னாளில் வைணு பாப்பு அவர்களின் கைக்கு வந்து, தமிழ்நாட்டின் சவ்வாது மலையில் உள்ள காவலூரை அடைந்தது.

இன்னொரு பெயரையும் இங்கு நினைத்தல் தகும். போக்சனின் மகள் இசிசு போக்சன் 1873 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் சென்னை வான்காணகத்தில் கணக்காளராகப் பணியாற்றினார். 1886-இல் அரச வானியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, பெண் என்பதால் அது கைவிடப்பட்டது. அக்கழகம் அவரை ஏற்றது 1920-இல். இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகள். இந்த இடைவெளியிலும் மீன் உறங்கவில்லை.

நோக்குகள் எதற்குப் பயன்படும் என்று நோக்குவோர் அறிவதில்லை. 1999-இல் அபிள் தொலைநோக்கி வழியே எஸ்.எஸ். சிக்னியின் தொலைவு 520 ஒளியாண்டு என அளக்கப்பட்டது. அவ்வளவு தொலைவு உண்மையானால் அம்மீனில் வளிம வரத்து மிகப் பெரிதாகும். மடை என்றும் திறந்தே இருக்கும். வெடித்து ஒடுங்கவே கூடாது. வட்டுக் கொள்கையே ஆட்டம் கண்டது. வானொலித் தொலைநோக்கிகளால் மீண்டும் அளக்க முயன்றபோது ஓர் இடர் எழுந்தது. வெடிப்பின்போது மட்டுமே அம்மீன் வானொலி அலைகளை வலுவாக வெளியிடும். வெடிப்போ சொல்லிக்கொண்டு வராது. பல நாட்டு அமெச்சூர் நோக்கர்கள் இரவுதோறும் காத்திருந்து, ஒளி ஏறத் தொடங்கியதும் செய்தி அனுப்பினர். 2013-இல் முடிவு வெளிவந்தது. தொலைவு ஏறத்தாழ 370 ஒளியாண்டு. கொள்கை பிழைத்தது.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

இனி இலக்கியத்துக்குத் திரும்பலாம். சங்கப் பாடல்களில் பெண்பாற் புலவர் பலர் உளர். எண்ணிக்கையில் அறிஞர் வேறுபடுவர். பின்னர்க் காரைக்காலம்மையார், அவர்க்குப் பின் இவ்வூர்க் கோதை. அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க பெயர்களே எஞ்சுகின்றன. இந்த இடைவெளியைக் கண்டு, அக்காலத்தில் பெண்கள் பாடவில்லை என்று இலக்கிய வரலாறு எழுதுவோர் எளிதில் கடந்துவிடுகின்றனர். யூ ஸ்கார்ப்பியின் 43 ஆண்டு, கடக்குமுன் ஒரு வினாவைக் கேட்கச் சொல்கிறது: பாடவில்லையா, பதியவில்லையா? விடை ஒவ்வோர் இடைவெளிக்கும் வேறாகலாம். பகலொளியில் மூழ்கிய மீன்போல், ஆண்புலவர் புகழின் ஒளியில் மூழ்கியவரும் இருந்திருக்கலாம். சான்றின்றி இருந்தனர் எனச் சொல்வதும் பிழை. சான்றின்மையைக் காட்டி இல்லை எனச் சொல்வதும் பிழை. பழைய தகடுகளைத் தேடிய எலன் தாமசு போல், ஏடுகளையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடுவதே செயத்தக்கது.

தமிழ்ப் பதிப்பு மரபில் இவ்வறம் முன்பே உண்டு. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்கவில்லை. ஆயினும் அவ்வெண்கள் நீக்கப்படவில்லை. 266-க்குப் பின் 269 வருகிறது. கூடலூர் கிழார் தொகுத்த ஐங்குறுநூற்றிலும் 129, 130 இல்லை, எண்கள் இருக்கின்றன. 'இதனினும் மங்கல்' என்னும் குறிப்புக்கு இதனினும் தக்க தமிழ் வடிவம் இல்லை. இல்லாத பாட்டின் இடத்தைக் காத்து வைத்ததனால்தான், ஒன்று இருந்தது என்பதாவது தெரிகிறது.

இம்மன்றம் பத்து ஆண்டைக் கடந்திருக்கிறது. இம்மலரில் இடம்பெறுவன ஒளிர்ந்த நாள்கள்: நல்ல கவிதை அரங்கேறிய நாள், சான்றோர் வந்து பேசிய நாள். அவற்றோடு, மழையால் நால்வரே வந்த கூட்டமும், எவரும் புதுக்கவிதை கொணராத மாதமும், ஒருமுறை வந்து படித்துவிட்டுப் பின் வாராத பெண்ணின் பெயரும், அவர் படித்த கவிதையின் தலைப்பும் மன்றத்தின் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். அடுத்த நூற்றாண்டில் இவ்வட்டாரத்தின் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுபவர்க்கு, மலரைக் காட்டிலும் அந்தப் பதிவேடே பெரிதும் உதவும்.

மேற்குத் தொடர்ச்சி மலை இங்கு மேற்கு வானத்தை மறைத்து நிற்கிறது. சமவெளியில் தெரியும் மீன் இங்குச் சற்று முன்னரே மறைந்துவிடும். மலைக்குப் பின்னும் அது ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை அறிந்து, மறைந்த நேரத்தைக் குறித்து வைப்பதே நோக்குவோர் கடமை. அக்கடமையை இம்மன்றம் அடுத்த பத்தாண்டிலும் ஆற்றுக.